கறையான் தொடாத சிலுவை

கஸ்பார் மேஸ்திரி தோணிக்குப் பலகை அடிக்கிறவர். வாயைத் திறந்தால் சண்டைதான். ஆனால் கடற்கரைக் குருசடியில் நிற்கும் மரச்சிலுவையை மட்டும் கூலி வாங்காமல் செய்து கொடுப்பார். நாலு வருஷத்துக்கொரு தடவை கறையான் அதன் அடியை அரித்துவிடும். அவரும் கறையானின் வம்சத்தையே திட்டிக்கொண்டு புதுசு செய்வார்.

எழுபத்தெட்டாம் வருஷம் துறைமுகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல், சரக்குக்கு அடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் பலகைகளைக் கழித்துவிட்டுப் போனது. பார்த்தால் தேக்கு நிறம், தூக்கினால் மரத்தின் கனம். கஸ்பார் இரண்டை வாங்கிவந்தார். ரம்பம் போட்டால் தூள் விழாமல் நூல்நூலாகச் சுருண்டது. இழைப்புளி வழுக்கியது. ஆணி பிடிக்காமல் ஆட்டம் கண்டதால், நாலு வசவோடு போல்ட் போட்டு முறுக்கினார்.

"இனி வரட்டும்லே கறையான், பாப்போம். பல்லு தெறிச்சிரும்" என்று சிலுவையை நட்ட அன்றைக்கு ஊர் கேட்கச் சொன்னார்.

குருசடித் திருநாள் சாயங்காலம் பார்த்தால் சிலுவை கடல் பக்கம் சாய்ந்து நின்றது. சுற்றிலும் வேண்டுதல் மெழுகுவர்த்திகள். அந்தச் சூட்டில் அடிப்பாகம் இளகி, மெழுகோடு மெழுகாக வழிந்திருந்தது. மரமாக இருந்திருந்தால் கொஞ்சம் கருகியிருக்கும், அவ்வளவுதான்.

"எவம்லே இவ்வளவு ஒட்டி மெழுகுவர்த்தி வச்சது?" என்று கஸ்பார் கத்தினார்.

கூட்டத்தில் நின்ற அவர் மனைவி பிளாரன்ஸ்தான் சொன்னாள்: "முதல்ல வச்சது நீருதான். இந்தச் சிலுவை நூறு வருஷம் நிக்கணும்னு காலையில வேண்டிக்கிட்டு வச்சீரே."