கடைசிப் பந்தி வண்டுகள்

அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு தயாரிப்பது எங்கள் அண்ணியின் வேலை. பாதி வேலையைச் செய்வது அவர் வளர்க்கும் வண்டுகள். செத்த விலங்கைத் தோலுரித்து, சதையைக் கழித்து, நன்றாகக் காயவைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். கறுப்பு வண்டுகளும் மயிரடர்ந்த அவற்றின் புழுக்களும் ஒட்டியதையெல்லாம் தின்றுவிட்டு வெள்ளை எலும்பை மிச்சம் வைக்கும்.

"சாப்பிட்டீங்களாடா கண்ணுங்களா?" என்றுதான் தினமும் அறைக்குள் நுழைவார்.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?" என்பான் அண்ணன்.

எல்லாம் ஈக்காரர் வரும்வரைதான். புதிதாகச் சேர்ந்த அந்த ஆராய்ச்சியாளர், அருங்காட்சியகக் கொல்லைப்புறத்தில் கம்பிக் கூண்டுக்குள் செத்த விலங்கைப் போட்டுவிட்டு, எதெது தேடி வருகிறது என்று பார்ப்பவர். முதலில் பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்கள், அவற்றின் புழுக்கள், அந்தப் புழுக்களைத் தின்ன வரும் வண்டுகள், ஆரஞ்சுப் பட்டை போட்ட பிணவண்டுகள். பார்வையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே முண்டியடித்தார்கள். அண்ணியின் அறையை எட்டிப் பார்க்க ஆளில்லை.

"நாத்தத்துக்கு இவ்ளோ கூட்டமா?" என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

சாலையில் அடிபட்டுச் செத்த இரண்டு நரிகள் வந்து சேர்ந்தன. ஆளுக்கொன்று. முதலில் சுத்தமாகும் எலும்புக்கூடு முகப்புக் கூடத்தில் நிற்கும் என்றார் பொறுப்பாளர். ஈக்காரரின் நரி, புழு மொய்த்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றியது. அண்ணிக்கு வயிறு எரிந்தது. தன் நரியைக் காயவைக்காமலேயே பெட்டிக்குள் இறக்கிவிட்டார்.

ஈரம் பூசணமாகப் பூத்தது. மூடி இடுக்கில் ஈ புகுந்து முட்டையிட்டது. புழு நெளிந்த சகதியில் வண்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன.

அண்ணி கொல்லைக்கு ஓடினார். "உங்க ஈ என் பெட்டியை நாசம் பண்ணிடுச்சு!"

"ஈக்கு ஈரம் வேணும்மா. உங்க பெட்டிக்குள்ள ஈரம் எப்படி வந்துச்சு?"

அண்ணி திரும்பிப் போய்ப் பெட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

ஈக்காரரின் நரிதான் முகப்புக் கூடத்துக்கென்று முடிவானது. அதைக் கூண்டிலிருந்து எடுக்கும் அன்று அவரே அண்ணியின் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா.

"ஈயும் புழுவும் போய், எல்லாம் காஞ்சப்புறம் கடைசிப் பந்திக்கு வந்தவங்க. உங்க ஆளுங்கதானே? வச்சுக்கோங்க."

உள்ளே அதே கறுப்பு வண்டுகள். அண்ணி டப்பாவை வாங்கி, கழுவிக் காயவைத்திருந்த பெட்டிக்குள் கவிழ்த்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னாராம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று வீட்டில் அண்ணி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வண்டுதான் திரும்பக் கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்றான் அண்ணன்.

"நான் ஊட்டி ஊட்டி வளர்த்தேன். அந்த ஆள் கூப்பிடக்கூட இல்லை. தானா போயிருக்குங்க, பாருங்க!"