ஒபிரி அண்ணன் நீட்டிய இடது கை

கானா நாட்டுக் குமாசி நகரின் சுவாமே பட்டறைகளில் கியர்பாக்ஸ் என்றால் என் அண்ணன் ஒபிரிதான். முப்பது வருஷமாக லாரிகளின் வயிற்றுக்குள் கை விட்டுப் பிழைப்பவர். மரியாதை என்றால் உயிர். இடது கையால் ஸ்பானர் நீட்டிய குற்றத்துக்காக என்னையே ஒருநாள் பட்டறையை விட்டு விரட்டினார். அப்போது எனக்கு நாற்பது வயது!

அப்படிப்பட்டவர், தன் ஒரே மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் பெரியம்மா செர்வாவிடம் பெண் கேட்கும்போது முறையாகத் தரும் ஜின் பாட்டிலை இடது கையால் நீட்டினார். என் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னய்யா இது? எங்க பொண்ண குப்பையில இருந்தா எடுத்துட்டுப் போறீங்க?” என்றார் செர்வா.

அண்ணன் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், “கிளட்ச்... தண்ணி... நாளைக்கு” என்றார்.

“வரும்போதே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு போல!” என்று யாரோ சிரித்தார்கள். செர்வா எழுந்து உள்ளே போய்விட்டார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று திரும்பினோம்.

டாக்சியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்குப் பேச்சு தெளிந்துவிட்டது. “அங்க வலது கை தோள்ல தொங்குச்சுடா, ஆனா சொன்ன பேச்சு கேக்கல. இப்பப் பாரு, நல்லாருக்கு” என்று விரல்களை மடக்கிக் காட்டினார்.

“கதை விடாதீங்க” என்று கத்தினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி சூனியம் என்றாள். அப்பாவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றான் மகன். எனக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் பட்டறையில், என் கண்ணெதிரே ஸ்பானர் அவர் கையிலிருந்து நழுவியது, நாக்கும் குழறியது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கழுத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, “இடது கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. மூளைக்கு ரத்தம் சரியாப் போகல. அதான் பத்து நிமிஷம் கையும் பேச்சும் போய்ப் போய் வருது. விட்டிருந்தா பக்கவாதம்தான்” என்றார். அடைப்பு இடது பக்கம், கெட்டது வலது கை. இது என்ன கணக்கோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அண்ணனோ படுக்கையில் கிடந்தபடி, “மொதல்ல செர்வாகிட்ட போய்ச் சொல்லு” என்று நச்சரித்தார். போனேன்.

செர்வா கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டார். கழுத்து, ரத்தம், பத்து நிமிஷம் என்று நான் சொல்லச் சொல்ல முகம் மாறியது.

“கல்யாணம் நடக்கட்டும்” என்றார் சட்டென்று.

அப்பாடா என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரும் ஒருநாள் சாப்பிடும்போது இடது கையால புஃபுக் களிய எடுத்தாரு. என்னமோ உளறினாரு. வேணும்னே அவமானப்படுத்துறாருன்னு கிண்ணத்தப் பிடுங்கிட்டேன். ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. மூணாம் நாள் அவரால எந்திரிக்க முடியல. அப்புறம் பேச்சே வரல. போய்ட்டாரு.”

நானே டாக்டர் என்பதுபோல என்னையே பார்த்தார்.

“அன்னிக்கு அவரு என்கிட்ட என்ன சொல்ல வந்தாரு தம்பி?”