கோழி ஊறிய பேசின்

வேலை எங்கேயோ அங்கே படுப்பவன் நான். இப்போது மலேசியாவில், செனாய் ஊரில் தொழிற்சாலை வேலை. ஆண்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கும் வாடகை வீடு. மூலத்துக்கு லேசர் சிகிச்சை முடிந்து அங்கேதான் திரும்பினேன். மலம் கழித்ததும் வெதுவெதுப்பான, சுத்தமான தண்ணீரில் உட்காரச் சொல்லியிருந்தார் நர்ஸ்.

எங்கள் கழிப்பறை வாளியைத் தொடவே அருவருப்பு. அதனால் சமையலறையிலிருந்த பெரிய சிவப்பு பேசினை எடுத்தேன். குளியலறையில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நெருப்பாக எரிந்தது. குனிந்து பார்த்தால் தண்ணீரில் சிவப்பாக ஏதோ மிதந்தது. ரத்தம் என்று நினைத்து அலறினேன்.

எங்களுக்குச் சமைக்கும் செல்வம் கதவுக்கு வெளியே வந்து நின்றான்.

"அலமாக்! அண்ணே, அந்த பேசின்லதான் காலையில கோழிக்கு மொளகா பெரட்டுனேன்!"

"சோப்பு போட்டுக் கழுவலையாடா?"

"தண்ணி ஊத்தி அலசுனேன் லா. ஐயையோ, இனிமே அதுல எப்படி ரொட்டிக்கு மாவு பெசையறது?"

பச்சைக் கோழி ஊறிய நீரும் மிளகாயும் புண்ணில் பட்டிருந்தன. உடனே கிளினிக்குக்குப் போனேன்.

"புண்ண ஆத்தச் சொன்னா ஊறுகா போட்டுருக்கீங்களே, அண்ணே!" என்றபடி நர்ஸ் சுத்தம் செய்தார். டாக்டர் மருந்து கொடுத்தார். சீழ் பிடிக்காமல் தப்பித்தேன்.

சிவப்பு பேசினை நானே குப்பையில் போட்டேன். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் என் துணிப்பையோடு ஒரு நீல பேசினும் வருகிறது. சமைக்க யாராவது இரவல் கேட்டால், அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். யாரும் மறுபடி கேட்பதில்லை.