பதினான்கு வீடுகளில் செத்த பில்சுன் அக்கா

மோ பில்சுன் அக்கா எங்கள் தொழிலில் பதினான்கு முறை செத்தவள். ஆனால் ஒரு தடவைகூடச் சாகிற காட்சியில் நடித்ததில்லை. இருமினதில்லை, மயங்கி விழுந்ததில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினதில்லை. நாடகத்தில் சாவு வீடு வந்தால், வெள்ளைச் சாமந்திக்கு நடுவே கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். கதாநாயகியின் அம்மா, கதாநாயகனின் அம்மா, வில்லி கொன்ற வேலைக்காரி, யாருக்குச் சாவு வந்தாலும் படம் அக்காவுடையது. அந்தப் பதினான்கில் ஒன்பதுக்கு நான் கீழே உட்கார்ந்து தரையில் அடித்து அழுதிருக்கிறேன்.

என் பெயர் பாங் சுன்ஜா. துணை நடிகை. அழச் சொன்னால் அழுவேன், சந்தையில் முள்ளங்கி வாங்கச் சொன்னால் வாங்குவேன், ராணி போகும்போது குனியச் சொன்னால் இடுப்பு ஒடியக் குனிவேன். விடிகாலையில் டிவி ஸ்டேஷன்கள் இருக்கிற யொயிதோவில் ஏஜென்ட் நிறுத்திவைக்கும் பஸ்ஸில் ஏறினால் எங்கே இறக்குவார்கள், என்ன உடுப்பைக் கொடுப்பார்கள் என்று தெரியாது. இருபத்திரண்டு வருடம் அந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட் பில்சுன் அக்காவுடையது. ஜன்னலோரம் அவளுக்கு, கிம்பாப் சோற்றுச் சுருள் டப்பா என் மடியில். அதற்கு முன்னால் அவள் தோங்தேமுன் துணிச்சந்தையில் தையல் மெஷினில் இருந்தவள். புருஷன் ஒருநாள் வெளியே போனவன் போனவன்தான். ஒரு மகன், கிதே. தையலில் கண் கெட்டுப்போகவே, பக்கத்து வீட்டுக்காரி அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தில் அஞ்சலிப் படத்துக்கு வரச்சொன்ன நடிகை, உயிரோடு இருக்கும்போது அந்த மாதிரிப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று போய்விட்டாள். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளி உடுப்போடு நின்ற அக்காவைக் கைகாட்டி, "அந்த அம்மா முகம் பாவமா இருக்கு, அவங்களைக் கூப்பிடு" என்றார். என்னுடைய ஊதா ஸ்வெட்டரைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டேன். போட்டோக்காரர் "லேசாச் சிரிங்கம்மா, லேசா" என்று கெஞ்சுகிறார், அவளுக்கு உதடு நடுங்குகிறது. நான் அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, எங்கள் ஏஜென்ட் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். சிரித்துவிட்டாள். அதனால்தான் அந்தப் படத்தில் அவள் பார்வை நேராக இருக்காது, கொஞ்சம் இடப்பக்கமாகப் போகும்.

அப்படிப் படம் எடுத்தால் தோஷம் போகப் பணம் வைத்து ஒரு வெள்ளைக் கவர் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அக்கா எனக்குப் பன்றிக்கறி வாங்கிச் சுட்டுக் கொடுத்தாள். "என் சாவுச் சாப்பாடுடி, நல்லா வயிறு முட்டத் தின்னு" என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதோடு போகும் என்று நினைத்தோம், எங்கே போயிற்று? படம் பொருள்கிடங்குக்குப் போனது. சாவு வந்த நாடகத்துக்கெல்லாம் அதை எடுத்துப்போனார்கள். கவர் அதற்கப்புறம் ஒருவரும் தரவில்லை.

சனியன் பிடித்த அந்தப் படத்தால் உயிருள்ள வேஷம் அவளுக்கு வராமல் போனது. வரிசையில் நின்றால் அசிஸ்டென்ட் டைரக்டர் உற்றுப் பார்ப்பான். "அம்மா, உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்பான். அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்துவிடும். "ஐயோ, நீங்க செத்துப்போன அம்மா ஆச்சே. பின்னாடி போய் நில்லுங்க, முகம் தெரியாம." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும் சொன்னபடியே பின்னால் போய் நிற்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அறுபத்தொன்றாவது வயதில் வாழ்வு வந்தது. வார இறுதிக் குடும்ப நாடகம், வாரத்துக்கு இரண்டாக ஐம்பது எபிசோடு. அதை எழுதின அம்மாளுக்கு அக்காவின் குரல் பிடித்துப்போய், தெருமுனைச் சலவைக்கடை வேஷத்தைக் கொடுத்தாள். பெயர் உள்ள வேஷம்! போங் அம்மா. முதல் வாரம் இரண்டு வரி, பத்தாவது வாரம் அரைப் பக்கம். இஸ்திரி போட்டுக்கொண்டே தெருவில் உள்ளவர்களின் வண்டவாளத்தையெல்லாம் அவிழ்த்துவிடுவாள். தோஃபு விற்கிறவன் அடையாளம் கண்டு ஒரு துண்டு அதிகம் வைத்தான். எனக்கு போன் போட்டு அதையே முக்கால் மணி நேரம் சொன்னாள்.

அந்த மாதிரி நாடகங்கள் எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசி எபிசோடில் கல்யாணம். தெருவே திரண்டு மேடையில் நின்று ஒரு குரூப் போட்டோ. அதில் போங் அம்மாவும் உண்டு என்று எழுத்தாளரம்மா வாயாலேயே சொல்லிவிட்டாள். அக்கா வாடகைக்கு எடுக்காமல், கல்யாணத்துக்கு உடுத்துகிற ஹான்போக்கைச் சொந்தமாக இளம்பச்சைப் பட்டில் தைத்துக்கொண்டாள். மங்கிப்போன கண்ணோடு தானே தைத்தாள்.

"அத்தனை பேரோட நானும் நிப்பேன்டி சுன்ஜா. கடைசி எபிசோடுல, உசுரோட."

"நில்லு, நில்லு. கண்ணை மூடிடாத, அப்புறம் அதையும் கட் பண்ணிச் சட்டத்துல மாட்டிடுவானுங்க."

"உன் வாயில புண்ணு வர!" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆனால் பயம் இருந்தது. ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைத் தூக்கிக்கொண்டு பொருள்கிடங்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே பொறுப்பாளர் தோ என்று ஒரு நல்ல மனிதர்.

"தோ தம்பி, என்னைக் கொஞ்ச நாளைக்குச் சாகடிக்காம வச்சிரு. இந்த அம்பது எபிசோடு முடியட்டும்."

"செத்தது போதும்க்கா. அலமாரியில போட்டுடறேன், யாரும் எடுக்க மாட்டாங்க" என்று எங்கள் கண்முன்னே அந்தப் படத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

இனிமேல் நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பதாவது எபிசோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். அதே சேனலின் காலை நாடகம் ஒன்றில் சாவு வீடு என்று என்னை அழைத்தார்கள். காட்சித்தாளே அன்று காலையில்தான் வந்ததாம். தோ தன் அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருடைய ஆள் அவசரத்தில் அலமாரியைத் திறந்து கையில் கிடைத்ததைக் கொண்டுவந்துவிட்டான். கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு செட்டுக்குள் நுழைகிறேன், பூவுக்கு நடுவே என் ஊதா ஸ்வெட்டர். அக்கா சிரிக்கிறாள்.

கையைத் தூக்கி, "தம்பி, அவங்க சனிக்கிழமை நாடகத்துல உசுரோட நடிக்கிறாங்க, வேற படம் வைங்க" என்று சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். கதாநாயகிக்கு விமானத்துக்கு நேரமாகிறது என்று அசிஸ்டென்ட் டைரக்டர் எல்லார்மேலும் பாய்ந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்த துணை நடிகையை மறுநாள் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஐந்து மாதமாக என் பக்கத்து சீட் காலி. அக்காவை நாடகக் கம்பெனி வேனில் அழைத்துப்போனார்கள். முந்தின நாள்தான் அந்த ஹான்போக்கின் கழுத்துப்பட்டி பற்றி ஒரு மணி நேரம் போனில் பேசினாள். நான் அன்று மூன்றாவது தடவையாக ஒரே ராணிக்குக் குனிந்துவிட்டு வந்திருந்தேன். வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன், தரையில் அடித்து அழுதேன். ஒரே டேக்கில் ஓகே.

அடுத்த வாரம் நாடு சிரித்தது. காலையில் செத்த பெண் சனிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள் என்று இரண்டு காட்சிகளையும் ஒட்டி யாரோ வீடியோ போட்டுவிட்டார்கள். "பேய் நல்லா இஸ்திரி போடுது", "என் சட்டையையும் சொர்க்கத்துக்கு அனுப்புறேன்" என்று லட்சம் பேர் எழுதினார்கள். சேனல் பெரியவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். அக்காவுக்கு ஏஜென்ட்டிடமிருந்து மெசேஜ் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம். நாடகத்தில் காய்கறிக்கடைக்காரன் ஒரு வரி சொன்னான்: "போங் அம்மாவா? கடையை மூடிட்டு காங்நுங்ல தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்களே." இருபது வாரம் பேசினவளுக்குக் கிளம்பிப் போகிற காட்சிகூடத் தரவில்லை, பாவிகள்.

மெசேஜ் வந்த மறுநாள் மத்தியானம் கஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். அக்கா எனக்குத்தான் பரிமாறினாள். ஹான்போக் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சாவு சீனுக்கு நம்ம பஸ் போச்சாமே. நீ போயிருந்தியாடி?"

"இல்லக்கா. நான் அன்னைக்குச் சந்தை சீன்ல இருந்தேன்" என்றேன்.

கரண்டியை என் கையில் கொடுத்தாள். "சரி, ஆறிப்போகுது, சாப்பிடு" என்றாள்.

வருடக் கடைசியில் அந்தக் குடும்ப நாடகத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. புத்தாண்டுக் காலையில் மறு ஒளிபரப்பை அக்கா வீட்டில் அரிசிக் கேக் சூப்போடு பார்த்தோம். கதாநாயகி மேடையில் அழுதுகொண்டே ஒவ்வொரு பேராகச் சொல்கிறாள். டைரக்டர், எழுத்தாளர், மேக்கப்காரி, டிரைவர், ரசிகர்கள் அனுப்பின காபி வண்டிக்காரர் வரைக்கும். "எங்க தெருக்காரங்க எல்லாருக்கும்" என்று ஆரம்பித்ததும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். காய்கறிக்கடைக்காரன், மீன்காரி, மருந்துக்கடைத் தாத்தா. அவ்வளவோடு, நேரம் முடிந்தது என்கிற இசை வந்துவிட்டது. அக்கா எழுந்துபோய் எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரியில் வயிற்றுவலி என்றாள். கணையத்தில் புற்று. டாக்டர் சொன்னபோதே எல்லாம் கைமீறிப் போயிருந்தது. "நெஜமாச் செத்தா அந்தப் படத்தை மட்டும் வைக்காதீங்கடி. ஹான்போக் போட்டு ஒண்ணு எடுத்துக்கணும்" என்றாள். முகம் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டாள். முகம் தேறவேயில்லை. மார்ச் கடைசியில் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியின் சாவு மண்டபத்தில் மூன்றாம் அறை. உள்ளே நுழைகிறேன், வெள்ளைச் சாமந்தி, கறுப்பு ரிப்பன், என் ஊதா ஸ்வெட்டர். கிதே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தைந்து வயதுக்காரன், பார்சல் வண்டி ஓட்டுகிறான். "வேற படமே இல்ல சித்தி. போன்ல தேடிட்டேன். எல்லாமே என் படம், சமையல் படம். தோ சார்தான் இதைக் கொண்டுவந்து குடுத்தார்" என்றான். தோ மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பஸ்ஸில் வரும் துணை நடிகர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். படத்தை மறைக்கக் கூடாது என்று, யாரும் சொல்லாமலே, இரண்டு ஓரமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். கண்றாவி! காமிரா இல்லை என்பது எங்கள் உடம்புக்குத் தெரியவில்லை.

நானும் வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஒன்பது தடவை கூலிக்கு அழுத கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சிவப்பு மாட்டுக்கறி சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள், அது பாட்டுக்கு ஆறியது.

கிதே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, அம்மா கடைசி மாசம் பூரா ஒரே வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பாத்தாங்க" என்று அவளுடைய போனை நீட்டினான்.

பேய் இஸ்திரி வீடியோ. தைரியம் இல்லாமல் நான் அன்றுவரை அதைப் பார்த்ததே கிடையாது. முதல் காட்சி சாவு வீடு. நடுவில் அக்காவின் படம். இடப்பக்கம் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி தரையில் அடித்து அழுகிறாள். கொண்டையில் மீன் வடிவக் கிளிப். என் பிறந்தநாளுக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது.

"என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. 'பாருடா, நம்ம சுன்ஜா. முதுகைப் பாத்தாலே தெரியுது. ஒவ்வொரு தடவையும் பொய்யாத்தான் அழுவா கழுதை. இந்தத் தடவை மட்டும் நெஜமா அழுதிருக்கா, என்னமோ அவளுக்கு மனசு சரியில்ல அன்னைக்கு'ன்னு சொல்வாங்க."

"இது எப்ப வந்துச்சு உங்கம்மாவுக்கு?" என்றேன்.

"ஏஜென்ட் வர வேண்டாம்னு மெசேஜ் போட்ட அன்னைக்கே நான்தான் அனுப்பினேன். ஏன் சித்தி?"

நான் கஞ்சி வாங்கிக்கொண்டு போய், சந்தை சீன்ல இருந்தேன் என்று சொன்னது அதற்கு மறுநாள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஏஜென்ட் நடையைப் பார்த்து வந்த சிரிப்பு, பன்னிரண்டு வருடமாக அப்படியே, நேராக என்மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்து வலப்பக்கம் போய், அவள் பார்வை படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.