முந்திக்கொண்டு வளைந்த தகடு

லண்டனில் எங்கள் கட்டுமானப் பொறியியல் ஆய்வுக்கூடத்துக்கு, நகரின் கிழக்கே ஈஸ்ட் ஹாமிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக வருவார் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. நெடிய உருவம், யோசிக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எஃகுத் தூணும் உத்தரமும் சேரும் மூட்டு, பாரம் ஏறினால் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று கணினியில் மாதிரி செய்திருந்தார். சோதனையில் நிஜ மூட்டு அவர் கணித்ததைவிட வெகு குறைந்த பாரத்திலேயே முந்திக்கொண்டு வளைந்துவிட்டது. ஆய்வேடு கொடுக்கச் சில நாட்களே இருந்தன.

“மாதிரியில ஒரு எண்ணை மாத்தினா பொருந்திடுமே அக்கா,” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். “ஓம் தம்பி, பொருந்தும். ஆனா ஏன் வளைஞ்சது எண்டு எனக்குத் தெரியாதே. இதை நம்பி ஆரும் கட்டினா?”

ஆய்வேட்டைத் தள்ளிப்போட்டு, மூட்டைக் கழற்றிப் பார்த்தார். தூணையும் உத்தரத்தையும் இறுக்கிய போல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உத்தரத்தின் முனையில் பற்றவைத்திருந்த, வளையாது என்று அவர் கணக்கில் எடுத்திருந்த தகடுதான் வளைந்திருந்தது.

“இதைத்தான் நான் யோசிக்கேல்லை,” என்று சிரித்தார்.

மாதக்கணக்கான உழைப்பு தவறென்று தெரிந்த நாளில் அவரால் எப்படி அவ்வளவு நிம்மதியாகச் சிரிக்க முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.