கதிர்க்கட்டு நுழைகிற வாசல்

அந்தக் காலத்தில் எனக்குத் தாடி இருந்தது. கட்டடக் கலை படித்துவிட்டு, சென்னையில் கொஞ்ச காலம் இன்னொருவர் போட்ட கோடுகளுக்கு மை பூசிக்கொண்டிருந்த பிறகு, கான்கிரீட்டை என் ஜென்ம விரோதியாக அறிவித்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியிருந்தேன். மண்ணுக்கேற்ற சுவர், மழைக்கேற்ற கூரை என்று மாட்டியவரிடமெல்லாம் பேசுவேன். பெரும்பாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்தான் மாட்டுவார். பாபநாசத்துக்கு டிக்கெட் வாங்கிய ஒருவர் என் பேச்சைக் கேட்டு அய்யம்பேட்டையிலேயே இறங்கிப்போனார்.

என்னையும் நம்பி ஒரு வேலை வந்தது. நன்னிலம் பக்கத்தில் விவசாயக் கூலிகள் குடியிருக்கும் ஒரு தெருவுக்குச் சமுதாயக் கூடம் கட்ட வேண்டும். இடம் வாய்க்கால் கரைப் புறம்போக்கு. அது தன் களம் என்றார் மிராசுதார். எங்கள் இடம் என்றது தெரு. தாசில்தார் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் வருஷக்கணக்கில் நடந்து, நடுவில் சிலர் ஜெயிலுக்கும் போய்வந்து, கடைசியில் தெருவுக்கே கிடைத்திருந்தது. அடிக்கல் நாட்டு விழாவில் மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் தான்தான் அதை வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்.

மைக்கைப் பிடிக்காதவர் ஒரு அக்கா. மாதர் சங்கத்துத் தலைவி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவர். அவர் மகளுக்குப் பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு முத்துப்பேட்டைப் பக்கம். டவுன் மண்டபத்தில் இந்தத் தெருக்காரர்கள் போய்க் கேட்டால் மட்டும் எல்லா முகூர்த்தமும் ஏற்கெனவே புக் ஆகியிருக்கும். அதனால் அக்கா, “எங்க கூடத்துலதான் கல்யாணம்” என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அப்போது கூடம் அஸ்திவாரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

நான் களிமண்ணாலும் வைக்கோலாலும் கூடத்தின் மாதிரி ஒன்றைச் செய்து எடுத்துப் போனேன். நாட்டு ஓட்டுக் கூரை. நாலு பக்கமும் இறங்கி இறங்கி ஆள் மார்பு உயரத்துக்கு வந்து நிற்கும். வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது, ஐப்பசிச் சாரல் தொடாது. அதைத் தட்டில் வைத்துச் சீர்வரிசை போலத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது.

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அக்கா உட்கார்ந்தே பார்த்தார்.

“உள்ள எப்படிப் போறது தம்பி?”

“கொஞ்சம் குனிஞ்சு போகணும்க்கா. அதுல ஒரு பணிவு இருக்கு பாருங்க.”

“பணிவா?” என்றார் அக்கா. “அது எங்ககிட்ட நெறைய மிச்சம் இருக்குங்க தம்பி. வேணும்னா நீங்க கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், புரியாமல். பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் புரிய வைத்தார். “பண்ணை இருந்த நாள்ல எவனாச்சும் வாசல ஒசத்திக் கட்டுனா மிராசுதார் ஆள் வந்துரும். என்னடா, மாட்டுக் கொட்டாய விட ஒசரமா போவுதுன்னு. கல்யாணமாகி மொத நாளே என் பொண்டாட்டி நிலையில முட்டிக்கிட்டு வீங்குன நெத்தியோடதான் குடும்பம் நடத்த ஆரம்பிச்சா.”

“மழை அடிக்கும்ங்க” என்றேன் பலவீனமாக.

“நனைஞ்சுக்கறோம்” என்றார் அக்கா.

சரி, வாசல் எவ்வளவு உயரம்? அங்கேதான் சனியன் பிடித்தது. கொடியைச் சாய்க்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டும், அதுவே அளவு என்றார் சங்கத் தலைவர். செங்கொடி கட்டிய மூங்கிலை நிறுத்திக் காட்டினார். அளந்து வரைந்துகொண்டேன். மறுநாள் காலை ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வந்தார். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்துக் கிடந்து கூடத்துக்கு அனுமதி வாங்கியவர் அவர்தான்.

“எங்க கொடியும் சாயாம வரணும்ல?” என்று தன் மூங்கிலை நிறுத்தினார். அது செங்கொடியைவிட ஒரு முழம் உயரம்.

அழித்து வரைந்தேன். சாயங்காலம் செங்கொடி இன்னொரு மூங்கிலுக்கு மாறியிருந்தது. அதற்கடுத்த காலையில் மற்றது. மூங்கில் வளர்கிற வேகத்துக்கு என் ரப்பர் தேய்ந்தது. வாய்க்கால் கரை மூங்கில் புதர் அந்த மார்கழியில் மொட்டையானது.

“சார்” என்றார் கொத்தனார், ஜன்னல் மட்டத்தோடு நின்ற சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தபடி, “நாம கதவு வைக்கறமா, இல்ல திருவாரூர்த் தேரக் கொண்டாந்து நிறுத்தறமா? ஒரு முடிவு சொல்லுங்க, சாரம் அதுக்கேத்தாப்பல கட்டணும்.”

நான் என்ன முடிவு சொல்வது? சிவப்புக்குத் தலையாட்டினால் மற்றவர் என் தாடியைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்குத் தலையாட்டினால் இவர்கள் என் ஜிப்பாவைப் பார்த்தார்கள். நான் இரண்டு பக்கமும் ஆட்டி, கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன். தை பிறந்து அறுப்பும் தொடங்கிவிட்டது. முத்துப்பேட்டையிலிருந்து ஆள் வந்து, “கூடம் ஆவலைன்னா எங்க பக்கமே வச்சுக்கலாம், ஒண்ணும் தப்பில்ல” என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், இரண்டு கட்சியும் மூங்கில்களோடு நிற்க, நான் டேப்போடு நடுவில் நிற்க, வயலிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கதிர்க்கட்டு. களத்துக்குப் போக வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு அக்கா நேரே கூடத்துக்கு வந்து, வாசல் வரவேண்டிய இடத்தில் நின்றார்.

“அளங்க தம்பி.”

“என்னக்கா?”

“கட்டோட அளங்க. இதுக்கு மேல ஒரு கை எடம் விடுங்க. அவ்வளவுதான் வாசல்.”

“அப்ப கொடி?” என்றார் கிளைச் செயலாளர்.

“கொடிய வெளிய நடுங்க, நல்லாப் பறக்கும். உள்ள சோறு போடணும்.”

இரண்டு பேருமே அறுப்புக்குக் கட்டுத் தூக்குகிறவர்கள். மூங்கில்களை இறக்கினார்கள். நான்தான் மேதாவித்தனமாக, சராசரி எடுக்கலாமே, நானும் ஒரு கட்டைச் சுமந்து பார்க்கிறேனே என்றேன். ஏற்றிவிட்டார்கள். கழுத்து தோளுக்குள் போனது, முழங்கால் மடங்கியது, கண்ணுக்கு முன்னால் வைக்கோல் நிறத்தில் ஏதேதோ பறந்தன.

“எறக்குங்கடி சீக்கிரம்!” என்று அக்கா கத்தினார். “இவர வச்சு அளந்தா பழைய வாசலே வந்துரும்.”

அன்று ராத்திரி மறுபடி வரைந்தேன். மூன்று பக்கம் கூரை என் ஆசைப்படி தாழ்ந்தே இருந்தது. வாசல் பக்கம் மட்டும், வயலில் இறங்குகிறவன் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் போல மேலே தூக்கினேன். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பஸ் வைத்துக்கொண்டு வந்து அந்தத் தூக்கலைப் போட்டோ எடுக்கிறார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டால், நான் கண்ணை மூடி, அடிவானம், அது இது என்று ஏதோ சொல்கிறேன். கழுத்துச் சுளுக்கைப் பற்றிச் சொன்னால் குறிப்பெடுக்க மாட்டார்கள்.

பங்குனியில், கடைசி ஓட்டைப் பதித்த சுண்ணாம்பு காய்வதற்குள் கல்யாணம். இரண்டு கொடிகளும் வெளியே பறந்தன. முத்துப்பேட்டை வேன் வந்து நின்றதும் நான் வாசலுக்கு உள்ளே, பெண் வீட்டுக்காரன் தோரணையில் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா முதலில் வந்தார். வாசலை நெருங்கியதும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து உள்ளே நுழைந்தார். பின்னால் வந்த மாப்பிள்ளை, அவர் சித்தப்பா, தெருக்காரர்கள், சங்கத் தலைவர், கிளைச் செயலாளர் என்று ஒவ்வொருவராக அந்த உயரமான வாசலில் குனிந்து குனிந்து வந்தார்கள். பிறந்ததிலிருந்து வாசலைக் கண்டால் வளைந்து பழகிய முதுகுகள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

“சம்பந்தி, நிமிருங்க. மேல ஒண்ணும் இல்ல!” என்று வெளியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். பாதிப் பேர் அண்ணாந்து பார்த்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள்.

எல்லோரும் வந்த பிறகும் அக்கா வெளியிலேயே நின்றார்.

“நீங்க வாங்கக்கா” என்றேன்.

“வர்றேன் இருங்க தம்பி.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் குனிந்தார். உள்ளே இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார்.

“இது கணக்குல சேத்தி இல்ல” என்று சொல்லிவிட்டு, திரும்பி வெளியே போய், மறுபடி வந்தார்.