பாதையில் ஏறிய சொல்

ஸல்ஹா பல்கலைக்கழகம் போனதே மச்சானைப் பழிவாங்கத்தான். ஆசிரியர் வேலைக்கு உதவும் என்று வாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மச்சான் என்றால் ஆதம்பாவா. அவளுடைய ராத்தா, அதாவது அக்கா சுபைதாவின் கணவன், கிண்ணியாத் துறையடியில் புடைவைக் கடைக்காரன். 1964இல் சுபைதாவுக்கு மகள் பிறந்தாள். பிறந்த கையோடு தாய்க்கு நித்திரை போயிற்று, பேச்சுப் போயிற்று. பிள்ளையைத் தூக்கச் சொன்னால் சுவரைப் பார்த்து அழுதாள். அந்தப் பெரிய மனுஷனுக்கு ஒரு மாதம் பொறுக்க ஏலவில்லை. திருகோணமலைக்குச் சரக்கெடுக்கப் போகிறபோது பாதையில் நின்று, "எண்ட பொஞ்சாதிக்கு விசர்" என்று சொன்னான். துறையைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் கிண்ணியாவில் பாதை என்பார்கள். பஸ்ஸும் மாடும் மனிதரும் அதில்தான் அக்கரை போகவேண்டும். அதில் சொன்ன கதை பொழுதுபடுமுன் ஊர் முழுக்கப் போய்விடும்.

போனது. விசர் பிடித்த பைத்தியக்காரியின் கையில் பிள்ளை வளரக்கூடாது என்று பள்ளிவாசல் பெரியவர்கள் தீர்த்தார்கள். ஆதம்பாவா பிள்ளையைத் தன் தாய்வீட்டுக்குக் கொண்டுபோனான், தலாக் சொன்னான், றம்ஸியாவைக் கலியாணம் முடித்தான். சில மாதத்தில் சுபைதா சுகமானாள். ஆனால் அந்தச் சொல் அவளை விடவில்லை. மகள் தெருவால் போகும்போது படலைக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் விரிவுரையாளர் ஒருநாள், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மன நோயைப் பற்றிப் படிப்பித்தார். நித்திரையும் ஆதரவும் மருந்தும் கிடைத்தால் பெரும்பாலும் சுகமாகும் என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். ஸல்ஹா அந்தப் பக்கத்தில் ராத்தாவின் பெயரை எழுதினாள். சோதனையில் அதே கேள்வி வந்தபோது ஆதம்பாவாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நல்ல வகுப்பில் சித்தியடைந்தாள். வன்மமும் படிப்புக்கு உதவும்.

ஊருக்குத் திரும்பி ஆசிரியையான பிறகு, 1976இல் றம்ஸியாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆதம்பாவா ஸல்ஹாவின் முற்றத்தில் வந்து நின்றான். கதிரை கிடந்தும் அவள் இருக்கச் சொல்லவில்லை.

"றம்ஸியாவுக்கும் அதே மாதிரித்தான் புள்ள. நீங்க அதத்தானே படிச்சீங்க."

றம்ஸியா ஒரு பாவமும் அறியாதவள். அவளிடம் போவதென்று ஸல்ஹா அப்போதே முடிவெடுத்துவிட்டாள். அதை இவனுக்குச் சொல்லவேண்டுமா என்ன?

"வாறன், மச்சான். ஆனா பாதையில சொன்னத பாதையிலயே திருப்பிச் சொல்லுங்க. சுபைதாவுக்கு விசர் இல்ல, எனக்குத்தான் விளங்கல்ல எண்டு. நான் போதும் எண்டு சொல்றமட்டும் சொல்லுங்க."

ஸல்ஹா றம்ஸியாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள், வேடிக்கை பார்க்க வந்த பெண்களைத் துரத்தினாள், பக்கத்தில் இருந்து நித்திரையாக்கினாள். றம்ஸியா மெல்ல மெல்லத் தேறிப் பிள்ளையைத் தானே தூக்கினாள். ஆதம்பாவாவோ தினமும் பாதையில் ஏறி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்து அதையே சொன்னான். முதலில் சனம் கேட்டது. பிறகு விலகி நின்றது. சரக்கும் எடுக்காமல், எப்போதோ விட்ட பெண்சாதியைப் பற்றி ஒரே வசனத்தைச் சொல்லித் திரிகிறவனை ஊர் என்ன நினைக்கும்? ஆதம்பாவாவுக்கு விசர் என்று அதே பாதையில் கதை ஏறியது.

ஸல்ஹா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேன் குடித்தது போல இருந்தது. பெரியவர்கள் அவளிடம் வந்து, படித்த பிள்ளை நீங்களே சொல்லுங்கள், உண்மைதானா என்று கேட்டார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதெல்லாம் அவசரப்பட்டுச் சொல்ற விசயமில்ல" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

பெரியவர்கள் தங்கள் பழைய தீர்ப்பையே தூசி தட்டி எடுத்தார்கள்: விசரன் கையில் பிள்ளை வளரக்கூடாது. அந்த வெள்ளிக்கிழமையே மகள் பெட்டியோடு தாயிடம் வந்து சேர்ந்தாள்.

சுபைதா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே தங்கையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அவருக்கு உண்மையாவே விசரா?"

"இல்ல, ராத்தா."

"அப்ப அத நீ சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு இல்ல எண்டு அண்டைக்கு ஆரு சொன்ன?"

சுபைதா பின்னலை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள். துறையில் பாதை புறப்பட்டது. ஆதம்பாவா அதில் நின்றான். போதும் என்று ஸல்ஹா இன்னும் சொல்லவில்லை.